ஏஐ பாரபட்சம் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி: போகலாமா, வேண்டாமா?

சனி, ஞாயிறு இரண்டையும் விழுங்கும் பயிற்சி என்றாலே நம்மில் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும். அதுவும் பேனரில் "செயற்கை நுண்ணறிவு" என்று இருந்தால் கேட்கவே வேண்டாம். சாட்ஜிபிடியிடம் பாடக்குறிப்பு எழுதச் சொல்லிக் காட்டுவார்கள், நாம் "ஓ" என்போம், சாப்பாடு, சான்றிதழ், வீடு. இது அந்த ரகம் இல்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நடத்தியது மதுரையில் ஒரு தொண்டு நிறுவனம். பெயர் வேண்டாம், கீழே குறையும் நிறையச் சொல்லப்போகிறேன். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கானது, கட்டணம் கிடையாது. ஏஐயைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது நோக்கமில்லை. ஏஐ எங்கே, யாருக்கு, எப்படிப் பாரபட்சம் காட்டுகிறது என்பதை மாணவர்களோடு உட்கார்ந்து தோண்டிப் பார்ப்பது எப்படி என்பதுதான் பாடம். கம்ப்யூட்டர் ஆசிரியர்கள் மட்டும் வருவார்கள் என்று நினைத்துப் போனால் தமிழ் டீச்சர், சமூக அறிவியல் சார், கணக்கு டீச்சர் என்று கலவையாக இருந்தது, அதுவே பயிற்சியைக் காப்பாற்றியது என்றுகூடச் சொல்வேன். நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர்.

இதில் பயன்படுத்திய கருவிகள் எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை. ஆகவே இந்தப் பயிற்சிக்குப் போக முடியாதவர்களும் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

முதல் நாள் காலை முழுக்க ஸ்லைடு. ஏஐ என்றால் என்ன, இயந்திரக் கற்றல் என்றால் என்ன, பாரபட்சத்தின் ஏழெட்டு வகைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை. நாம் வகுப்பில் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு எழுதிப் போடுவோமே, அதே பாணி. யாருக்கும் எதுவும் மனதில் நிற்கவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த ஸ்லைடுகளைக் கொண்டுபோனால் அவர்களுக்கும் நிற்காது. சிபிஎஸ்இ பள்ளிகளில் 2019-20 கல்வியாண்டிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு ஏஐ ஒரு விருப்பப்பாடமாக, 417 என்ற எண்ணில் இருக்கிறது. அங்கே நடத்தும் நண்பர் ஒருவரும் வந்திருந்தார், "பாரபட்சம் வரையறுன்னு கேள்வி வந்தா பசங்க எழுதிடுவாங்க சார், ஒரு பாரபட்சத்தை முன்னால வச்சா அதைப் பார்க்கத் தெரியாது" என்றார். பயிற்சி முழுக்க எனக்கு அந்தப் பேச்சு காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

தேநீருக்கு அப்புறம் டீச்சபிள் மெஷின் வந்தது, அறையே மாறிவிட்டது.

தெரியாதவர்களுக்காக: இது கூகுள் 2017இல் வெளியிட்ட இணையப் பக்கம், இப்போது நாம் பார்க்கும் வடிவம் 2019 இறுதியில் வந்தது. நாம் காட்டும் படங்களைப் பார்த்து வகை பிரிக்கக் கற்றுக்கொள்ளும். கணக்குத் தொடங்க வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், நிரல் எழுத வேண்டாம். பக்கத்தைத் திறந்து, பிரிக்க வேண்டிய இரண்டு வகைக்கும் பெயர் வைத்து, கேமரா பட்டனை அழுத்திப் பிடித்தால் படபடவென்று படங்களைச் சேர்த்துக்கொள்ளும். பயிற்றுவிக்கும் பட்டனை அழுத்தினால் சாதாரண லேப்டாப்பிலேயே சீக்கிரம் தயாராகிவிடும். அப்புறம் எதைக் காட்டினாலும் இது முதல் வகையா, இரண்டாம் வகையா என்று சதவீதக் கோடுகளில் சொல்லும். படத்தைத் தவிர ஒலியையும் உடல் அசைவையும் கொண்டும் செய்யலாம். நாமாகச் சேமித்தாலோ இணையத்தில் ஏற்றினாலோ தவிரப் படங்கள் நம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போவதில்லை, இது பள்ளிக்கு முக்கியமான விஷயம்.

எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேபில் பிளேக்லி பெய்ன் 2019இல் நடுநிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்காக ஏஐயும் அறநெறியும் பற்றி ஒரு பாடத்திட்டம் எழுதினார், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துப் பள்ளி ஒன்றில் அதை நடத்தியும் பார்த்தார்கள். அதில் பூனை, நாய் பயிற்சி ஒன்று உண்டு. வேண்டுமென்றே கோணலாகத் தயாரித்த படத்தொகுப்பைக் கொடுத்துவிடுவார்கள், பூனைகள் விதவிதமாக நிறைய இருக்கும், நாய்கள் சொற்பம். அதைக் கொண்டு பழக்கிய மாடல், அதாவது படங்களைப் பார்த்துக் கற்ற நிரல், பூனையை நன்றாகக் கண்டுபிடிக்கும், நாயில் தடுமாறும். ஏன் என்று பிள்ளைகளே தேட வேண்டும், தேடிக் கண்டுபிடித்துப் படங்களை மாற்றிச் சரிசெய்ய வேண்டும். நாங்கள் அதைச் செய்தோம், எங்கள் மேசையில் இருந்த தமிழ் டீச்சர் போனில் இருந்த தன் வீட்டுச் சிப்பிப்பாறை நாயின் படத்தைக் காட்ட, மாடல் தயங்காமல் பூனை என்றது. டீச்சருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது! அந்தக் கோபத்தை ஏழெட்டு வரையறைகளில் ஒன்றுகூடக் கொண்டுவரவில்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்தது. பயிற்றுநர் ஒரு குழுவை வெளியே அனுப்பி வேப்பிலையும் கறிவேப்பிலையும் பறித்து வரச் சொன்னார். வேப்பிலையை வெள்ளைத் தாள் மேல் வைத்துப் படம் எடுத்தார்கள், கறிவேப்பிலையை அப்படியே மேசை மேல் வைத்து எடுத்தார்கள், யாரும் திட்டமிடவில்லை, தாள் ஒன்றுதான் கைக்குக் கிடைத்தது. பழக்கி முடித்ததும் எல்லாம் சரியாகச் சொன்னது, கைதட்டல். பிறகு பயிற்றுநர் கறிவேப்பிலையை எடுத்துத் தாள் மேல் வைத்தார், வேப்பிலை என்றது. இலையையே எடுத்துவிட்டு வெறும் தாளைக் காட்டினார், அதுவும் வேப்பிலை. அது இலையைக் கற்கவே இல்லை, தாளைத்தான் கற்றிருக்கிறது. இதே மாதிரி 2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓநாய்க்கும் ஹஸ்கி நாய்க்கும் செய்து காட்டியிருக்கிறார்கள், ஓநாய்ப் படங்களில் எல்லாம் பனி இருக்கும்படி வேண்டுமென்றே தேர்ந்தெடுத்துப் பழக்கியதில், மாடல் பனியைப் பார்த்து ஓநாய் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் கட்டுப்பாட்டுச் சோதனை என்றால் என்ன, ஒரே ஒரு மாறியை மட்டும் ஏன் மாற்ற வேண்டும் என்று தொண்டை வறளச் சொல்லிக்கொடுப்பவன் நான். இதைவிட நல்ல சோதனை எனக்குக் கிடைக்காது, அடுத்த வாரமே வகுப்பில் செய்துவிட்டேன்.

இன்னொன்றையும் அதே கருவியில் கவனிக்கச் சொன்னார்கள், நிறையப் பேர் தவறவிடும் விஷயம். நாம் இரண்டு வகை கொடுத்தால் அது எதைப் பார்த்தாலும் அந்த இரண்டுக்குள்தான் நூறு சதவீதத்தையும் பங்குபோடும். செருப்பைக் காட்டினால் கறிவேப்பிலை 83 சதவீதம் என்கிற மாதிரி தெம்பாகச் சொல்லும், "எனக்குத் தெரியாது" என்ற பதில் அதனிடம் இல்லை. தெரியாது என்று சொல்ல வேண்டுமென்றால் "வேறு ஏதோ" என்று மூன்றாவதாக ஒரு வகையை நாமே வைக்க வேண்டும், அதற்கும் படம் கொடுக்க வேண்டும். ஒரு படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டு கட்டம் மட்டும் போட்டவர் யார், மூன்றாவது கட்டத்தை விட்டவர் யார் என்று சமூக அறிவியல் சார் அங்கிருந்து வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனார், நல்ல விவாதம். பயிற்றுநர் நேரமாகிவிட்டது என்று நிறுத்தினார், நிறுத்தியிருக்கக் கூடாது.

அதற்குப் பதில் அவர் என்ன செய்தார் தெரியுமா, மேம்பட்ட அமைப்புகளைத் திறந்து எபோக் (எல்லாப் படங்களையும் ஒருமுறை பார்த்து முடிக்கும் சுற்று) என்றால் என்ன, கற்றல் வேகம் என்றால் என்ன என்று முக்கால் மணி நேரம். வேண்டவே வேண்டாம். எபோக் 50 என்று தானாக இருக்கும், அப்படியே விட்டுவிடுங்கள். பிள்ளைகள் கிளற வேண்டியது படங்களை.

இந்த இடத்தில் பயிற்சியில் சொல்லாத ஒன்றை நான் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு முகத்தைக் காட்டி விளையாடத்தான் முதலில் ஆசை வரும். கண்ணாடி போட்டவர், போடாதவர் என்று தொடங்கி, அடுத்த நிமிடம் கறுப்பு, சிவப்பு, குண்டு, ஒல்லி என்று போய்விடும். கேலிக்கு ஒரு இயந்திரத்தை நாமே கட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். தவிர, 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள்தான், அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. இலை, காய், டம்ளர், நாணயம் போதும். முகம் வேண்டாம்.

மற்ற கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோட் டாட் ஆர்க் என்ற கல்வித்தளத்தின் கடல் விளையாட்டில் மீனையும் குப்பையையும் பிரிக்கப் பழக்க வேண்டும். ஆறு, ஏழு படிப்பவர்களுக்குச் சரி, பத்தாம் வகுப்புப் பையன்கள் சிரிப்பார்கள். ஆனால் அதன் பின்பாதியில் "கோபமான மீன்" போன்ற சொற்களைக் கொடுத்து நம் இஷ்டத்துக்குப் பழக்கச் சொல்லும், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேர் இரண்டு விதமாகப் பழக்கியிருப்பார்கள், அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் விளையாட்டு ஒன்றும் காட்டினார்கள், சர்வைவல் ஆஃப் த பெஸ்ட் ஃபிட் என்று பெயர். நீலம், ஆரஞ்சு என்று இரண்டு நிற மனிதர்கள், முதலில் நாம் தேர்ந்தெடுப்போம், பிறகு வேலை கூடக்கூட இயந்திரத்திடம் விட்டுவிடுவோம், கடைசியில் ஒரு நிறத்துக்காரர்கள் மட்டும் வெளியே நிற்பார்கள். நல்ல விளையாட்டு. ஆனால் ஆங்கில வாசிப்பு அதிகம், தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கூடவே அமேசான் கதையையும் சொன்னார்கள், 2018இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது. பத்து ஆண்டுகளாக வந்த விண்ணப்பங்களைப் பார்த்துக் கற்ற, வேலைக்கு ஆள் எடுக்கும் அவர்களுடைய கருவி, பெண்கள் என்ற சொல் வரும் விண்ணப்பங்களுக்கு, பெண்கள் சதுரங்கக் குழுத் தலைவி என்று எழுதியிருந்தால்கூட, மதிப்பைக் குறைத்தது. அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். பிளஸ் டூ பெண் பிள்ளைகளிடம் இந்தக் கதை விளக்கம் சொல்லாமலே வேலை செய்யும்.

எம்ஐடி பாடத்திட்டத்தில் இன்னொரு பயிற்சி, சிறந்த பீநட் பட்டர் ஜெல்லி சாண்ட்விச் செய்வதற்கு அல்காரிதம், அதாவது படிப்படியான செய்முறை, எழுதுங்கள் என்பது. அறையில் இருந்தவர்களில் அதைச் சாப்பிட்டவர்கள் யாருமில்லை. பயிற்றுநர் தாளில் உள்ளபடியே நடத்த முயன்றார், ஒரு டீச்சர் கையைத் தூக்கி "சத்துணவு சாம்பார்னு வச்சுக்கலாமா சார்?" என்று கேட்டார், அப்போதுதான் பயிற்சிக்கு உயிர் வந்தது.

சிறந்த சாம்பார் யாருக்குச் சிறந்தது? சமையலருக்கு விறகோ கேஸோ மிச்சமாக வேண்டும், பத்தரை மணிக்குள் பருப்பு வெந்துவிட வேண்டும். அமைப்பாளருக்குக் கணக்கு இடிக்கக் கூடாது. பிள்ளைக்குக் காரம் குறைவாக, காய் கண்ணில் படாமல் வேண்டும். அம்மாவுக்குக் காய் இருக்க வேண்டும். அரசுக்கு ஒரு பிள்ளைக்கு இத்தனை கிராம் பருப்பு என்ற அளவு வேண்டும். இவர்களைப் பக்கவாட்டிலும் அவர்கள் கேட்பதை மேலேயும் எழுதிக் கட்டம் போட்டால், எல்லாக் கட்டத்தையும் திருப்திப்படுத்தும் சாம்பார் கிடையாது என்பது தானாகத் தெரிந்துவிடும். அப்படியானால் "சிறந்த" என்று ஓர் அல்காரிதம் சொல்லும்போது யாரோ ஒருவருடைய கட்டத்துக்கு எடை கூடப் போட்டிருக்கிறார்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் என்று ஒரு விதி இருக்கிறதே, அதையும் யாரோ யோசித்துத்தான் சேர்த்தார்கள், தானாக வரவில்லை என்று ஒருவர் சொன்னார். இதே கட்டத்தை யூடியூப்புக்கும் போடச் சொல்கிறது அந்தப் பாடத்திட்டம், அதையும் செய்தோம், சாம்பாருக்கு அப்புறம் அது சுலபமாகவே வந்தது.

இனி எரிச்சலுக்கு வருகிறேன்.

முகம் கண்டறியும் மென்பொருள் பற்றிய ஜெண்டர் ஷேட்ஸ் ஆய்வைக் காட்டினார்கள். ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் 2018இல் செய்தது. ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், சீனாவின் ஃபேஸ் பிளஸ் பிளஸ் ஆகிய மூன்றின் கருவிகளிலும் முகத்தைக் காட்டி ஆணா பெண்ணா என்று சொல்ல வைத்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. எண்ணைக் கேட்டதும் அறை அமைதியானது, அது சரி. ஆனால் பயிற்றுநர் "அமெரிக்காவில் இனப் பாகுபாடு இருக்கிறது அல்லவா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். அந்த ஆய்வில் இருந்த 1,270 முகங்களும் ஆப்பிரிக்காவின் மூன்று நாடுகள், ஐரோப்பாவின் மூன்று நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களுடையவை. அந்த ஆறில் நம் நாடு கிடையாது. நம் முகத்துக்கு என்ன ஆகும் என்று கேட்பதுதானே அடுத்த கேள்வி? கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதிலிருந்து பவுடர் விளம்பரம் வரைக்கும் நிறத்தைப் பேசிக்கொண்டே இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, நிறப் பாரபட்சம் அமெரிக்கச் சரக்கு என்று எப்படிக் கடந்து போக முடியும்?

சாதி. அந்த வார்த்தை சனிக்கிழமை முழுக்க ஒருமுறைகூட வரவில்லை. நான் கேட்டேன். "அது சென்சிட்டிவ், வகுப்பில் தொடாமல் இருப்பது நல்லது" என்று பதில் வந்தது. எனக்கு இந்தப் பதில் ஏற்புடையதில்லை. 2023இல் நாங்குநேரியில் பட்டியலினத்து மாணவர் ஒருவரை அவரோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டியது எல்லோருக்கும் தெரியும், அதற்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2024இல் அந்தக் குழு அறிக்கையும் கொடுத்தது. பள்ளிகளின் பெயரில் இருக்கும் சாதி அடையாளத்தை எடுத்துவிடச் சொன்னதும் அதில் ஒரு பரிந்துரை. அதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், ஏஐ பாரபட்சத்தில் மிக முக்கியமான பாடத்துக்கு அதுதான் நல்ல எடுத்துக்காட்டு. ஒரு நிறுவனம் "எங்கள் மென்பொருளில் சாதி என்ற கட்டமே கிடையாது" என்று சொல்லலாம். ஆனால் விண்ணப்பத்தில் படித்த பள்ளி என்று ஒரு கட்டம் இருக்குமே? ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்று அங்கே எழுதியிருந்தால் கட்டம் இல்லாமலே விஷயம் உள்ளே போய்விடும். பள்ளியின் பெயரை மாற்றினாலும் தெருப் பெயர் இருக்கிறது, பின்கோடு இருக்கிறது, தங்கிப் படித்த விடுதி இருக்கிறது. இயந்திரம் சாதியைத் தேடிப் போக வேண்டியதில்லை, பழைய முடிவுகள் எதோடு சேர்ந்து சேர்ந்து வருகின்றனவோ அதைப் பிடித்துக்கொள்ளும், வேப்பிலைக்குப் பதில் தாளைப் பிடித்துக்கொண்டதே அந்த மாதிரிதான்.

இதை வகுப்பில் பேச ஒரு பிள்ளையையும் சாதி சொல்லச் சொல்ல வேண்டியதில்லை, சொல்லச் சொல்லவும் கூடாது. கற்பனையாக ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்து, "இதில் எந்தெந்தக் கட்டத்தைப் பார்த்தால் இவர் எந்த ஊர், என்ன வசதி, எந்தப் பின்னணி என்று ஊகிக்க முடியும்? அந்தக் கட்டங்களை மறைத்துவிடு" என்று சொன்னால் போதும். மறைத்துக்கொண்டே போனால் கடைசியில் படிவத்தில் என்ன மிஞ்சுகிறது என்று அவர்களே பார்க்கட்டும். தெருப் பெயரைப் பார்த்து ஆளைக் கணிக்கப் பிள்ளைகளுக்கு நாம் கற்றுத்தர வேண்டியதில்லை, அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும், நாம்தான் தெரியாத மாதிரி இருக்கிறோம்.

படம் வரையும் ஏஐக்கு மட்டும் இந்தியாவைத் தொட்டார்கள். ரெஸ்ட் ஆஃப் வேர்ல்ட் என்ற செய்தித்தளம் 2023இல் மிட்ஜர்னியிடம் நிறையப் படங்கள் கேட்டுப் பார்த்தது. "ஓர் இந்தியர்" என்று கேட்டால் ஏறக்குறைய எல்லாமே தாடி வைத்த வயதான ஆண்கள், தலைப்பாகையோடு. பெண் எங்கே, இளைஞர் எங்கே, வேட்டி கட்டியவர் எங்கே? இதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோகலாம், கேட்டுப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் போதும். இப்போதைய மாடல்கள் வேறு மாதிரி வரையலாம், அதனால் முந்தின நாளே நீங்கள் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு நடத்துங்கள்.

ஞாயிறு ஒரு மணி நேரம் பிரிட்டனின் ஏ லெவல் (நம் பிளஸ் டூ மாதிரியான தேர்வு) கதை. இரண்டு நாளில் சிறந்த நேரம் எது என்று கேட்டால் இதுதான். 2020இல் கொரோனாவால் அங்கே தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவருக்கும் என்ன கிரேடு வரும் என்று கணித்து, வகுப்பில் யார் முதல், யார் அடுத்து என்று வரிசையும் கொடுத்தார்கள். ஆஃப்குவால் என்ற தேர்வு ஒழுங்குமுறை அமைப்பு, அந்தப் பள்ளி முந்தைய ஆண்டுகளில் எடுத்த கிரேடுகளைக் கொண்டு ஒரு சூத்திரத்தில் போட்டு அதை மாற்றியது. ஆகஸ்ட் 13இல் முடிவு வந்தபோது இங்கிலாந்தில் ஆசிரியர்கள் கொடுத்த கிரேடுகளில் 39 சதவீதம் குறைக்கப்பட்டிருந்தது. பின்தங்கிய பகுதிப் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளைக்கு அதற்கு முன்பு அங்கே படித்தவர்களின் நிழல் விழுந்தது. மிகச் சிறிய வகுப்புகளில் புள்ளிவிவரம் செல்லாது என்பதால் ஆசிரியர் கிரேடையே விட்டுவிட்டார்கள், சிறிய வகுப்புகள் எங்கே அதிகம்? கட்டணப் பள்ளிகளில். பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள், ஆகஸ்ட் 17இல் அரசு பின்வாங்கி ஆசிரியர் கிரேடையே கொடுத்தது. பிரதமர் போரிஸ் ஜான்சன் பழியை அல்காரிதத்தின் மேல் போட்டார்.

பயிற்றுநர் இதை ஏஐ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் அது தானாகக் கற்கும் இயந்திரமில்லை, மனிதர்கள் உட்கார்ந்து எழுதிய புள்ளியியல் சூத்திரம். வகுப்பில் நடத்தும்போது இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், அதில்தான் பாடமே இருக்கிறது: கருவி எளிமையானதாக இருந்தாலும் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று அதற்குச் சொன்னோமோ அதைத்தான் காப்பாற்றும். அங்கே கிரேடுகள் முந்தைய ஆண்டுகளை விட ஏறிவிடக் கூடாது என்பதைக் காப்பாற்றச் சொன்னார்கள்.

இந்தக் கதை ஏன் எங்களை அவ்வளவு தொட்டது என்றால், நாமும் இதைச் செய்தவர்கள். 2020இல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானபோது காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80, வருகைப்பதிவுக்கு 20 என்று போட்டோமே? 2021இல் பிளஸ் டூவுக்குப் பத்தாம் வகுப்பில் 50 சதவீதம், பிளஸ் ஒன்னில் 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டில் 30 என்று கணக்கிட்டார்களே? அறை கிட்டத்தட்டச் சண்டைக்களம் ஆகிவிட்டது. வருகைப்பதிவு 20 என்றால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்படும் பெண் பிள்ளைக்கு என்ன நியாயம் என்றார் ஒரு டீச்சர். பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்டுப் பிளஸ் டூவில் எழுந்து நின்ற பையன் ஒவ்வொரு ஆண்டும் இருப்பான், 2021இல் அவனுடைய பழைய மதிப்பெண்ணே அவனைக் கீழே இழுத்திருக்கும் என்றார் இன்னொருவர். கணக்கு டீச்சர் விடவில்லை, "வேற எந்தச் சூத்திரம் போட்டிருப்பீங்க? போர்டுல எழுதுங்க சார்" என்று சுண்ணக்கட்டியை நீட்டினார். எழுதினோம். எதை எழுதினாலும் யாராவது ஒரு வகைப் பிள்ளை வெளியே விழுந்தது. நம் சூத்திரம் பள்ளியின் பழைய வரலாற்றைப் பிள்ளை மேல் ஏற்றவில்லை, அந்த வகையில் பிரிட்டனுடையதை விட மேல் என்று நான் நினைக்கிறேன், ஆனால் அதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

இவ்வளவு நல்ல விவாதத்துக்குப் பிறகு கடைசி ஸ்லைடில் என்ன இருந்தது தெரியுமா? "தீர்வு: பலதரப்பட்ட தரவைச் சேருங்கள்." அப்போதுதான் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. நாய்ப் படம் குறைவு என்றால் நாய்ப் படம் சேர்க்கலாம், சரி. ஏ லெவல் விஷயத்தில் எந்தத் தரவைச் சேர்ப்பது? அங்கே தரவுக்குப் பஞ்சமே இல்லை, பழைய கிரேடுகள் ஆண்டு ஆண்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். அமேசானிடம் விண்ணப்பங்களுக்கா பஞ்சம்? தரவு போதாததால் வரும் பாரபட்சம் ஒன்று, தரவு ஊரில் நடந்ததை அப்படியே காட்டுவதால் வருவது இன்னொன்று, என்ன கேட்கிறோம் என்பதே கோணலாக இருப்பது மூன்றாவது, அப்புறம் இந்த வேலைக்கு இயந்திரமே வேண்டாம் என்று முடிவெடுக்கும் இடமும் உண்டு. நிறையப் படம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தோடு ஒரு பிள்ளை வகுப்பை விட்டுப் போனால், அந்தப் பிள்ளைக்கு நாம் பாதிப் பாடத்தைத்தான் சொல்லியிருக்கிறோம்.

வசதிகளைப் பற்றி. லேப்டாப் குழுவுக்கு ஒன்று, வைஃபை மதியத்துக்கு மேல் படுத்துவிட்டது, ஆளுக்கு ஆள் போன் ஹாட்ஸ்பாட் கொடுத்துச் சமாளித்தோம். நம் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருந்தாலும் எல்லா இடத்திலும் வெப்கேமரா வேலை செய்யும் என்று நம்ப முடியாது, போனில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியும் டீச்சபிள் மெஷினைப் பழக்கலாம் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை, நான் சொல்கிறேன். கையேடு முழுக்க ஆங்கிலத்தில், தமிழில் நான்கு பக்கச் சுருக்கம் மட்டும், அதுவும் அவசரத்தில் தட்டியது. சாப்பாடு நன்றாக இருந்தது. பேனருக்கு முன்னால் குழுப் புகைப்படம் எடுத்த நேரத்தில் இன்னொரு விவாதம் நடத்தியிருக்கலாம். தொடர் உதவிக்கு என்று வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள், இப்போது அதில் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் மட்டும் வருகின்றன, பாடம் நடத்தியவர்கள் என்ன நடந்தது என்று எழுதினால்தானே அடுத்தவர் தொடங்குவார்?

என் கணக்கில் ஐந்துக்கு மூன்றரை. ஸ்லைடுகளை எடுத்துவிட்டு, இலைப் பயிற்சி, சாம்பார்க் கட்டம், மதிப்பெண் சூத்திரம் மூன்றையும் மட்டும் வைத்து ஒரே நாளில் முடித்தால் நாலரை கொடுப்பேன். விண்ணப்பப் படிவப் பயிற்சியையும் துணிந்து சேர்த்தால் அந்த அரையும் உண்டு. கம்ப்யூட்டர் ஆசிரியர்களை மட்டும் அனுப்பும் தலைமை ஆசிரியர்கள் அவர்களோடு சமூக அறிவியல் அல்லது தமிழ் ஆசிரியர் ஒருவரையும் சேர்த்து அனுப்புங்கள், தனியாகப் போனால் எபோக்கில் மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்த குழுவுக்குப் பெயர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போகிறவர்கள் வெப்கேமரா உள்ள சொந்த லேப்டாப்பையும் நீளமான சார்ஜர் வயரையும் எடுத்துப் போங்கள், ஏ லெவல் பகுதியைச் சனிக்கிழமைக்கே மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஞாயிறு அந்த விவாதம் சூடுபிடித்தபோது தேனி, கம்பம் பக்கத்து ஆட்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.